கொடுங்கோலின் பெயர்கள்: ஸ்பானியச் சொற்கள் தரும் படிப்பினை

"நம் நாடு திருந்த வேண்டுமானால் ஒரு சர்வாதிகாரி வரவேண்டும்" என்னும் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். பேருந்துப் பயணத்தில் கேட்கிறோம். தேநீர்க் கடையில் கேட்கிறோம். கற்றோர் கூடும் அவைகளிலும் கேட்கிறோம். கையூட்டையும் காலதாமதத்தையும் கண்டு மனம் வெதும்பியவர்கள் இவ்வாறு கூறுவது இயல்பே. ஆயினும் அச்சொல்லின் முழுப் பொருளையும் உணர்ந்துதான் அவர்கள் அதனை உரைக்கிறார்களா என்பது ஐயத்திற்குரியது. ஒரு சொல்லை எளிதாக வழங்குவோர் பெரும்பாலும் அதற்கு விலை கொடுக்காதவராகவே இருப்பர். விலை கொடுத்தவரிடம் கேட்டால்தான் அதன் பொருள் விளங்கும்.

அவ்வாறு விலை கொடுத்த மக்களின் மொழிகளுள் ஒன்று ஸ்பானிய மொழி. ஸ்பெயின் நாட்டிலும், அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையிலுமாகச் சுமார் இருபது நாடுகளில் அது ஆட்சிமொழியாக விளங்குகிறது. கடந்த இரு நூற்றாண்டுகளில் தனியொருவர் ஆட்சியின் கொடுமையைச் சுவைக்காத நாடு அவற்றுள் அரிது. அதனால் அடக்கி ஆள்வோரைக் குறிக்க அம்மொழியில் ஒரு சொல் அன்று, ஒரு சொற்களஞ்சியமே உண்டு. தமிழ்த்துறை மலரில் ஸ்பானியச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். சொல்லைக் கற்போர், பிறமொழியாளர் தம் துன்பத்தை எவ்வாறு சொல்லாக்கினர் என்பதையும் கற்றல் நலம். அதிகாரம் எங்கும் ஒரே வகையான வேடங்களையே புனைகிறது. அவ்வேடத்தைக் களையும் சொற்களும் எம்மொழியினர்க்கும் பயன்படும்.

சொற்களின் பிறப்பு

'கவுதியோ' என்பது இவ்வரிசையில் முதலில் வைக்கத்தக்க சொல். தலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியே பிறந்தது அது. தலை என்பதிலிருந்து நாம் தலைவன் என்ற சொல்லைப் பெற்றது போன்றதே இதுவும். தொடக்கத்தில் அது போர்ப்படைத் தலைவனை மட்டுமே குறித்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நாடுகள் ஸ்பெயினின் பிடியிலிருந்து விடுபட்டபோது, பழைய அரசு வீழ்ந்தது. புதிய சட்டம் வேரூன்றவில்லை. அந்த இடைவெளியில் குதிரையும் ஆள்படையும் நிலமும் உடையவர்கள் எழுந்தனர். சட்டத்துக்காக அன்றி ஆளுக்காகவே உயிர்கொடுக்கும் கூட்டம் அவர்களைச் சூழ்ந்தது. அத்தகையோர் 'கவுதியோ' எனப்பட்டனர்.

புவனோஸ் ஐரிஸ் மாநிலத்தை ஆண்ட ரோசாஸ் இதற்குத் தக்க சான்று. 1835-இல் பொது அதிகாரம் அனைத்தும் அவர் ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. 'சட்டங்களை மீட்டவர்' என்பது அவர் பட்டம். ஆனால் அவர் சொல்லே சட்டம். மக்கள் அவர் கட்சியின் சிவப்பு நாடாவை அணிந்தே வெளியில் நடமாட வேண்டியிருந்தது. 1852-இல் போரில் தோற்று இங்கிலாந்துக்குத் தப்பிய அவர், 1877-இல் அங்கேயே மறைந்தார். அவருடைய ஆட்சிக்கு அஞ்சிச் சிலி நாட்டில் அடைக்கலம் புகுந்த சார்மியெந்தோ என்னும் எழுத்தாளர், 1845-இல் மற்றொரு கவுதியோவின் வரலாற்றை 'ஃபகுந்தோ' என்னும் நூலாக எழுதி, இவ்வகை ஆட்சி எம்மண்ணில் எவ்வாறு முளைக்கிறது என்று ஆராய்ந்தார். அவரே பின்னாளில் அர்ஜென்டினாவின் குடியரசுத் தலைவரானார் என்பது குறிப்பிடத்தக்கது.

'காசிக்கே' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் உருக்கமானது. அது ஸ்பானியச் சொல்லே அன்று. கொலம்பஸ் 1492-இல் கரை இறங்கிய கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் தம் ஊர்த்தலைவனுக்கு வழங்கிய பெயர் அது. கொடிய உழைப்பாலும் நோயாலும் அம்மக்கள் சில பத்தாண்டுகளுக்குள் பெரிதும் அழிந்தனர். அவர்தம் சொல் மட்டும் ஆண்டவர் நாவில் எஞ்சியது. நான்கு நூற்றாண்டுகள் கழித்து அச்சொல், ஸ்பெயின் நாட்டுச் சிற்றூர்களில் வாக்குகளை விலைக்கும் மிரட்டலுக்கும் வாங்கித் தலைநகருக்கு அனுப்பும் உள்ளூர்ப் பெருந்தனக்காரரைக் குறித்தது. 1901-இல் ஹோவாகின் கோஸ்தா என்னும் அறிஞர் இம்முறையே நாட்டின் உண்மையான அரசியல் அமைப்பு என்று எடுத்துக்காட்டினார். அக்காலத் தேர்தல் மோசடிக்கு மக்கள் வைத்த பெயர் 'புச்சேராசோ'. 'புச்சேரோ' என்றால் சமையற் பானை. வேண்டிய வாக்குச் சீட்டுகளைப் பானையில் ஒளித்து வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் பெட்டியில் கொட்டிய செயலுக்கு அடுப்படியிலிருந்தே பெயர் பிறந்துவிட்டது.

'திக்ததோர்' என்பது உலகறிந்த சொல். பண்டைய ரோமக் குடியரசில் அது இழிசொல் அன்று. பேரிடர்க் காலத்தில் ஆறு திங்களுக்கு மிகாமல் ஒருவரிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைக்கும் சட்டமுறைப் பதவி அது. நம் மொழியிலும் இத்தகைய ஒரு வரலாறு உண்டு. 1938-இல் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், போராட்டத்தை நடத்தும் பொறுப்பாளர் 'சர்வாதிகாரி' என்றே அழைக்கப்பட்டார். ஒருவர் சிறை சென்றால் அடுத்தவர் அப்பொறுப்பை ஏற்பார். அங்கே அது தற்காலிகப் பொறுப்பின் பெயர். சிறைக்கு முதலில் செல்வோரின் பெயர்.

இதற்கு நேர்மாறான மாற்றத்தைப் பராகுவே நாடு கண்டது. 1814-இல் பிரான்சியா என்னும் சட்ட அறிஞர் அங்கே 'திக்ததோர்' ஆனார். 1816-இல் அப்பதவியுடன் 'நிலையான' என்னும் அடைமொழியும் சேர்ந்தது. 1840-இல் இறக்கும் வரை அவர் விலகவில்லை. கையூட்டு வாங்காதவர், எளிமையாக வாழ்ந்தவர் என்று அவரை வரலாற்றாசிரியர்கள் கூறுவர். நல்ல சர்வாதிகாரி வேண்டும் என்போர் கேட்கும் தகுதிகள் இவையே அல்லவா? ஆனால் அவர் நாட்டின் எல்லைகளை அடைத்தார், எதிர்த்தவர்களைச் சிறையிலிட்டார், கொன்றார், உயர்கல்விக்கு இருந்த குருமடக் கல்லூரியையும் மூடினார். தனிமனித நேர்மை, கேள்வி கேட்பாரற்ற அதிகாரத்திற்கு மருந்தாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவற்றின் நடுவே நம் கல்லூரி மாணவர்கள் அறியவேண்டிய மற்றொரு சொல்லும் உண்டு. ஊராட்சித் தலைவரைக் குறிக்கும் 'அல்கால்தே' என்பது, நீதிபதி எனப் பொருள்படும் 'அல்-காழி' என்னும் அரபுச் சொல்லிலிருந்து ஸ்பானியத்தில் புகுந்தது. 17-ஆம் நூற்றாண்டில் கால்தெரோன் எழுதிய புகழ்பெற்ற நாடகமொன்றில், தன் மகளைக் கெடுத்த படைத்தலைவனுக்கு ஓர் உழவர் 'அல்கால்தே' என்ற முறையில் மரண தண்டனை விதிக்கிறார். அரசனும் அதனை ஏற்கிறான். படையைக் குறிக்கும் சொல் கவுதியோவாக வளர்ந்தது. நீதியைக் குறிக்கும் சொல் ஊர்த்தலைவனாக வாழ்ந்தது. வாளால் வந்த தலைமை, தீர்ப்பால் வந்த தலைமை என்னும் இரண்டும் ஒரே மொழிக்குள் அருகருகே நிற்கின்றன.

தாமே சூடிய பட்டங்கள்

அடக்கி ஆள்வோர் முதலில் கைப்பற்றுவது கோட்டையை அன்று, பெயரையே. 1936-இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் தலைமையேற்ற பிராங்கோ, 'ஹெனரலீசிமோ', அதாவது தளபதிகளுக்கெல்லாம் தளபதி எனப்பட்டார். பின்னர் 'இறையருளால் ஸ்பெயினின் கவுதியோ' என்னும் தொடர் அவர் தலையுருவுடன் நாணயங்களில் பொறிக்கப்பட்டது. 1975-இல் அவர் இறக்கும் வரை, ரொட்டி வாங்கச் சென்ற ஏழையும் அந்நாணயத்தையே கையில் ஏந்த வேண்டியிருந்தது. இறைவன் பெயரை ஆட்சியாளர் தம் பெயருக்கு அடைமொழியாக்கிக்கொள்வதைவிடப் பெரிய துணிச்சல் வேறு யாது?

டொமினிக்கன் குடியரசில் 1930 முதல் 1961 வரை அதிகாரம் செலுத்திய துருஹியோ 'தாய்நாட்டின் புரவலர்' என்றும் 'புதிய தாய்நாட்டின் தந்தை' என்றும் பட்டங்கள் பூண்டார். நான்கு நூற்றாண்டுப் பழமையுடைய தலைநகர் சாந்தோ தொமிங்கோவுக்கு 1936-இல் தம் பெயரையே சூட்டினார். அந்தப் 'புரவலர்' ஆட்சியில்தான் 1937-இல் ஆயிரக்கணக்கான ஹெய்த்தி மக்கள் எல்லைப்புறத்தில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்தத் 'தந்தை' ஆட்சியில்தான் 1960 நவம்பர் 25 அன்று மிராபால் உடன்பிறந்தார் மூவர் வழிமறித்துக் கொல்லப்பட்டனர். அந்நாளையே ஐக்கிய நாடுகள் அவை 1999-இல் பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் உலக நாளாக அறிவித்தது.

பட்டம் சூட்டுவதற்குப் படித்தவர்களும் துணைநின்றனர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. வெனிசுவேலாவை 1908 முதல் 1935 வரை கோமெஸ் தம் பிடியில் வைத்திருந்தார். அவரைச் சார்ந்த அறிஞர் வயெனியா லான்ஸ், 1919-இல் வெளியிட்ட நூலில் 'தேவையான காவலர்' என்னும் கருத்தை நிறுவினார். மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை. ஆகவே வலிய கையொன்று அவர்களை நடத்தவேண்டும் என்பது அவர் வாதம். அந்நேரத்தில் கராகஸ் நகரின் ரொத்துந்தா சிறையில், எழுத்தாளரும் மாணவரும் காலில் கனத்த இரும்பு விலங்கோடு கிடந்தனர். மக்கள் பக்குவப்படவில்லை என்று கூறுவோர், அவர்கள் பக்குவப்படும் பள்ளியையும் இதழையும் மன்றத்தையும் மூடுவது ஏன் என்னும் வினாவுக்கு விடை தருவதில்லை.

மக்கள் வைத்த பெயர்கள்

ஆனால் மொழி ஆள்வோருக்கு மட்டும் உரிய சொத்தன்று. ஸ்பானியத்தில் சர்வாதிகாரத்தைக் குறிக்கும் சொல் 'திக்ததூரா'. அதன் இறுதியிலுள்ள 'தூரா' என்பது தனிச்சொல்லாக நின்றால் 'கடினமானது' எனப் பொருள்படும். 1930-இல் ஸ்பெயினில் பிரிமோ தெ ரிவேராவின் ஆட்சி போய்ப் பெரெங்கேர் என்னும் தளபதி சற்றே தளர்ந்த ஆட்சி நடத்தியபோது, மக்கள் 'தூரா'வை நீக்கி, மென்மை எனப் பொருள்படும் 'பிளாந்தா'வைச் சேர்த்துத் 'திக்தபிளாந்தா' என்று எள்ளி நகையாடினர். பின்னர், தேர்தல் உண்டு ஆனால் உரிமை இல்லை என்னும் நிலையைக் குறிக்க மக்களாட்சியின் பெயரோடு 'தூரா'வை ஒட்டித் 'தெமோக்ரதூரா' என்றனர். இவ்விரு சொற்களையும் 1980-களில் அரசியல் அறிஞர்கள் ஆய்வுக் கலைச்சொற்களாகவே ஏற்றனர்.

மெக்சிகோவில் 1929 முதல் 2000 வரை ஒரே கட்சி ஆண்டது. ஆறாண்டுக்கு ஒருமுறை குடியரசுத் தலைவர் மாறினார். ஆனால் அடுத்தவர் யார் என்பதை இருப்பவரே சுட்டினார். விரலைக் குறிக்கும் 'தெதோ'விலிருந்து 'தெதாசோ', அதாவது விரல் சுட்டித் தேர்ந்தெடுத்தல் என்னும் சொல் பிறந்தது. 1990-இல் பெரு நாட்டு எழுத்தாளர் வர்காஸ் யோசா அம்முறையை 'முழுநிறைவான சர்வாதிகாரம்' என்று மெக்சிகோவிலேயே அறிவித்தார். அடுத்த இரண்டாண்டில் அவருடைய நாட்டிலேயே, தேர்தலில் அவரை வென்று பதவிக்கு வந்த ஃபுஹிமோரி, 1992 ஏப்ரல் 5 அன்று படையின் துணையோடு நாடாளுமன்றத்தைக் கலைத்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவரே ஆட்சியைக் கவிழ்த்துத் தாமே பிடித்துக்கொள்ளும் அச்செயலுக்கு 'ஆட்டோகோல்பே', அதாவது 'தன்கவிழ்ப்பு' என்னும் பெயர் உலக வழக்காயிற்று. வாக்குப்பெட்டி வழியாக வந்தவர் எல்லாம் மக்களாட்சியர் அல்லர் என்னும் பேருண்மை இந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளது.

இலக்கியமும் இப்பணியில் பங்கேற்றது. 1946-இல் அஸ்தூரியாஸ், 1974-இல் ரோவா பாஸ்தோஸ், 1975-இல் கார்சியா மார்க்கேஸ், 2000-இல் வர்காஸ் யோசா எனத் தொடர்ந்து வந்த எழுத்தாளர்களால் 'சர்வாதிகாரிப் புதினம்' என்றொரு தனி இலக்கிய வகையே அம்மொழியில் நிலைபெற்றது.

காணாமல் ஆக்கப்பட்டோர்

இச்சொற்கள் யாவற்றினும் கனமானது 'தெசபரெசிதோ' என்னும் சொல். மறைந்து போனவர் என்பது அதன் நேர்ப்பொருள். 1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதிகள் தம் ஆட்சியைச் சர்வாதிகாரம் என்று கூறவில்லை. 'தேசிய மறுசீரமைப்புச் செயல்முறை' என்று கூறினர். அச்செயல்முறை இரவில் வீடு புகுந்து மாணவர்களையும் தொழிலாளர்களையும் ஆசிரியர்களையும் கொண்டு சென்றது. பின்னர் அவர்கள் எந்தச் சிறையின் ஏட்டிலும் இல்லை. எந்தக் கல்லறையிலும் இல்லை. 1977 ஏப்ரல் இறுதியில் பதினான்கு தாய்மார், அரசு மாளிகைக்கு எதிரிலுள்ள மாயோ சதுக்கத்தில் கூடினர். கூடி நிற்பது குற்றம் என்று காவலர் கூறியதால் நடக்கத் தொடங்கினர். பின்னர்த் தலையில் வெள்ளைத் துணி கட்டி, வாரந்தோறும் வியாழனன்று அச்சதுக்கத்தைச் சுற்றி வந்தனர். மக்களாட்சி மீண்டபின் 1984-இல் வெளிவந்த 'இனி ஒருபோதும் இல்லை' என்னும் அரசு ஆணைய அறிக்கை 8,961 பேரின் பெயர்களைப் பதிவு செய்தது. உண்மைத் தொகை 30,000 என்று மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன.

இங்கே இலக்கணம் பயில்வோர் ஒன்றை உற்றுநோக்க வேண்டும். 'மறைதல்' என்னும் அவ்வினை ஸ்பானியத்தில் செயப்படுபொருள் குன்றிய வினை. ஒருவர் தாமே மறையலாம். ஒருவரை மற்றொருவர் 'மறைய' முடியாது. ஆனால் அந்நாடுகளின் மக்கள் இலக்கணத்தை வளைத்தனர். 'அவனை மறைத்தொழித்தார்கள்' என்னும் பொருளில் அதனைச் செயப்படுபொருள் குன்றா வினையாக்கி வழங்கினர். எழுவாய் இல்லாத குற்றத்திற்கு எழுவாயைத் தேடித் தந்தது அந்த இலக்கணப் பிறழ்ச்சி.

இதே மாற்றம் தமிழிலும் நிகழ்ந்திருக்கிறது. நிகழ்ந்த இடம் ஈழம். இலங்கையில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த அலுவலகத்தின் பெயரில் இருப்பது 'காணாமற்போன ஆட்கள்' என்பதே. ஆனால் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் அச்சொல்லை ஏற்கவில்லை. 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே கூறினர். 'போன' என்பதற்கும் 'ஆக்கப்பட்ட' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு இலக்கண நூலில் ஒரு வரி. அத்தாயின் வாழ்வில் அது முழு வழக்கு. போனவர் தாமே போனவர். ஆக்கப்பட்டவரை ஆக்கியவர் ஒருவர் இருந்தே தீரவேண்டும். புவனோஸ் ஐரிஸ் தாயும் கிளிநொச்சித் தாயும் ஒரே இலக்கண உண்மையைக் கண்டறிந்தனர்.

பாடநூலில் ஒரு சொல்

கொடுங்கோலர் மறைந்த பின்னும் சொற்போர் ஓய்வதில்லை. சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11 அன்று ஆட்சியைப் பிடித்துப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட பினோசேயின் ஆதரவாளர்கள், அன்று நடந்ததை ஆட்சிக்கவிழ்ப்பு என்னாது 'இராணுவ அறிவிப்பு' என்னும் பொருளுடைய பழஞ்சொல்லால் குறித்தனர். மக்களாட்சி திரும்பி இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும், 2012-இன் தொடக்கத்தில், தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் 'சர்வாதிகாரம்' என்றிருந்த இடத்தில் 'இராணுவ ஆட்சி' என்று மாற்றம் செய்யப்பட்ட செய்தி பெரும் எதிர்ப்பை எழுப்பியது. ஸ்பெயினில் வரலாற்றுக் கழகம் 2011-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று அகராதி, பிராங்கோவைச் சர்வாதிகாரி என்று குறிக்காமல் கடந்து சென்றது கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று.

ஒரு சொல்லுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பார் உளர். பிணம் பிணமே, பெயர் எதுவாயினும் என்பர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. இறந்தவர்க்குப் பெயரால் பயன் இல்லாதிருக்கலாம். பிறக்கப்போகும் தலைமுறைக்கு உண்டு. பத்து வயதுச் சிறுவன் பாடநூலில் எச்சொல்லைப் படிக்கிறானோ, அச்சொல்லின் அளவுக்கே அவனுடைய எச்சரிக்கையும் அமையும்.

நம் கடமை

தமிழுக்கு இவ்வகையில் வறுமை இல்லை. திருவள்ளுவர் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மையையும், அதனை அடுத்து வெருவந்த செய்யாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்தார். முறை தவறுதல் வேறு, குடிகளை அச்சுறுத்துதல் வேறு என்று பிரித்தறிந்த மொழி இது. இன்றோ நாம் எல்லாவற்றையும் 'சர்வாதிகாரி' என்னும் ஒரே சொல்லுக்குள் அடைக்கிறோம். கண்டிப்பான தலைமையாசிரியரும் சர்வாதிகாரி. ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற தளபதியும் சர்வாதிகாரி. இவ்வாறு மலிவாக்கப்பட்ட சொல், உண்மையான கொடுங்கோலர் வரும்போது எவரையும் எழுப்பாது.

ஆகவே மாணவச் செல்வங்கள் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டுகிறோம். ஆள்வோர் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளும் பட்டத்தைக் காணும்போது, அப்பட்டத்தின் கீழ் வாழ்ந்தவர் அவரை என்ன பெயரிட்டு அழைத்தனர் என்று தேடுக. 'செயல்முறை', 'சீரமைப்பு', 'நடவடிக்கை' போன்ற வழுவழுப்பான சொற்களைப் படிக்கும்போது, அவ்வாக்கியத்தின் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று கேட்டுப் பழகுக. மொழிபெயர்ப்போரும் இதழாளரும் ஆகப்போகும் நீங்கள், தன்கவிழ்ப்பு வேறு, ஆட்சிக்கவிழ்ப்பு வேறு, பரம்பரை ஆதிக்கம் வேறு, படையாட்சி வேறு என்று பிரித்து எழுதுக.

சமுதாயப் பெரியவர்களிடமும் ஒரு விண்ணப்பம். இளைஞர் முன்னிலையில் 'ஒரு சர்வாதிகாரி வந்தால்தான் சரிவரும்' என்று கூறுமுன், அச்சொல்லின் உள்ளே ரொத்துந்தாச் சிறையின் விலங்கும் மாயோ சதுக்கத்தின் வெள்ளைத் துணியும் இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். மக்களாட்சியின் குறைகள் பல. அக்குறைகளை உரக்கச் சொல்லும் உரிமையாவது அதில் உண்டு. அவ்வுரிமை பறிக்கப்பட்ட நாடுகளில் மக்களிடம் கடைசியாக எஞ்சியவை சொற்களே. அவற்றை அவர்கள் கூர்மழுங்காமல் காத்தனர். அவர்களை விட நல்ல நிலையில் வாழும் நாம் நம் சொற்களை மழுங்கவிடுவது தகாது.